பூமி உருண்டைதானா? பழவங்காடியில் ஒரு வீட்டுப் பட்டிமன்றம்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் திருவனந்தபுரத்தில் யாரும் நல்ல காரியம் தொடங்குவதில்லை என்பது நம் சங்க அன்பர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தச் சன்னதியிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் என் வீடு. முப்பத்தைந்து ஆண்டுகள் ரயில்வேயில் பொறியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், காலையில் பிள்ளையார், மாலையில் கிழக்கேக்கோட்டை வரை ஒரு நடை, இரவில் பேரனுக்குக் கணக்குப் பாடம் என்று நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. கணக்குப் பாடத்துக்கு நடுவில்தான் ஒருநாள் அந்தக் குண்டு விழுந்தது.

பேரன் பத்தாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலம், தெருவில் மலையாளம், வீட்டில் தமிழ். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். ஆனால் கேள்வி கேட்பதில் எந்த மொழியிலும் குறை வைக்க மாட்டான். கைப்பேசியில் ஏதோ படம் பார்த்துவிட்டு வந்து நின்றான்.

"தாத்தா, நீங்க லைன் போடும்போது பூமியோட வளைவைக் கணக்குல சேர்த்தீங்களா?"

"இல்லையே, எதுக்குடா கேக்கறே?"

"பாத்தீங்களா! ரயில்வே இஞ்சினியர்கள் யாருமே வளைவைக் கணக்குல சேர்க்கறதில்லைன்னு இதுல சொல்றாங்க. அப்ப பூமி தட்டைதானே?"

சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவன் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையில் நான் வளைவைச் சேர்க்கவில்லை என்பதும் மெய்தான். முப்பத்தைந்து ஆண்டு அனுபவம் ஒரே நொடியில் எதிர்க்கட்சிச் சாட்சியாக மாறிவிட்டது!

முதலில் என் தொழிலுக்கு வந்த பழியைத் துடைத்தேன். டிப்ளமா படித்த காலத்தில் சர்வே பாடத்தில் ஒரு சூத்திரம் மனப்பாடம். பார்வைத் தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.0785 ஆல் பெருக்கினால் பூமியின் வளைவு மீட்டரில் கிடைக்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 சென்டிமீட்டர். ஆனால் நாங்கள் லெவல் கருவியை வைத்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பார்ப்பதில்லை. 50 மீட்டர், மிஞ்சினால் 100 மீட்டர். 50 மீட்டருக்கு வளைவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் கருவியை நடுவில் வைத்து, பின்னால் எவ்வளவு தூரத்தில் ஸ்டாஃப் பிடிக்கிறோமோ அதே தூரத்தில் முன்னாலும் பிடிப்போம். இரண்டு பக்கமும் ஒரே பிழை, கழித்தால் பூஜ்யம். வளைவு இல்லாததால் அதை விட்டுவிடவில்லை. தானாகவே கழிந்துபோகும்படி வேலை செய்யும் முறையை வகுத்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. குமிழ் காட்டும் மட்டம் புவியீர்ப்பைப் பின்பற்றுவது. அந்த மட்டத்தைத் தொடர்ந்துகொண்டே போனால் பாதையும் பூமியோடு சேர்ந்து வளைந்துதான் போகும். மட்டம் வேறு, நேர்கோடு வேறு.

பேரன் தலையாட்டினான். "சரி தாத்தா, வளைவைச் சேர்க்காததுக்குக் காரணம் இருக்கு. ஆனா வளைவு இருக்குன்னு இதுல நிரூபணம் இல்லையே?"

பையன் சொன்னது நியாயம்!

பஞ்சாங்கம் சாட்சி ஆகுமா?

சூரிய உதயம், அஸ்தமனம் என்ற என் அடுத்த ஆயுதத்தை எடுத்தேன். ரயில்வேக்காரனுக்கு நேரம்தானே உயிர்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் சென்னை நேரத்தில் ஓடின. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி உச்சிவேளை இருந்ததால்தான் எல்லா ஸ்டேஷனுக்கும் பொதுவாக ஒரு நேரம் வேண்டியிருந்தது. 1906ல் இந்தியப் பொது நேரம் வந்தது. அது 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. நம் திருவனந்தபுரம் ஏறக்குறைய 77 பாகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் நமக்குச் சூரியன் 22 நிமிடம் தாமதம். பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே இருக்கும் மேத்தன் மணியில் தாடிக்காரர் வாயைத் திறக்க, இரண்டு ஆடுகள் அவர் கன்னத்தில் முட்டிப் பன்னிரண்டு அடிக்கும்போது, நம் தலைக்கு மேல் சூரியன் இன்னும் உச்சிக்கு வந்திருப்பதில்லை.

"பூமி உருண்டையாகச் சுற்றுவதால்தானே இது?" என்றேன்.

"அவங்க அதுக்கும் பதில் வச்சிருக்காங்க தாத்தா" என்று ஒரு தாளில் வரைந்து காட்டினான். வட்டமான தட்டு. நடுவில் வடதுருவம். சுற்றிலும் விளிம்பில் தென்துருவப் பனிமதில். தட்டுக்கு மேலே சுமார் 5,000 கிலோமீட்டர் உயரத்தில் சூரியன் ஒரு டார்ச் லைட் மாதிரி வட்டமிடுகிறது. வெளிச்சம் படும் ஊரில் பகல், படாத ஊரில் இரவு. ஆகவே சென்னையில் முன்னால் விடியும், நமக்குப் பதின்மூன்று நிமிடம் பின்னால் விடியும். நேர வித்தியாசம் இரண்டு கட்சிக்கும் பொது.

பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினேன். அவன் அதையும் தள்ளினான். "இதுல இருக்கற நேரமெல்லாம் பூமி உருண்டைன்னு வச்சுக் கணக்குப் போட்டதுதானே? அதையே நிரூபணமாக் காட்டலாமா?"

என்னுடன் நடைக்கு வரும் நண்பர், ஓய்வு பெற்ற தபால்துறை அதிகாரி, "சார், பையனை அதட்டி உட்கார வையுங்கோ. வயசுக்கு மீறிப் பேசறான்" என்றார். எனக்கு மனம் வரவில்லை. நான் அதட்டினால் வாயை மூடிக்கொள்வான். ஆனால் அடுத்த சந்தேகத்தைக் கைப்பேசியிடம்தான் கொண்டுபோவான், என்னிடம் வர மாட்டான். "அச்சிட்ட நேரம் வேண்டாம். நாமே பார்த்து எழுதுவோம்" என்று ஒரு பழைய ஃபீல்டு புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன்.

டில்லி நண்பரின் தொலைபேசி

டில்லியும் நம் ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருக்கின்றன. டில்லி 77.2 பாகை, நாம் 76.95 பாகை. தெற்கு வடக்காகத்தான் இடைவெளி, 20 பாகைக்குச் சற்று மேல். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் டில்லியில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரைப் பட்டிமன்றத்தில் சேர்த்துக்கொண்டோம்.

ஜூன் மூன்றாவது வாரம். மழைக்கு இடையில் ஒருநாள் மேகம் விலகியதும் பேரனும் நானும் சங்குமுகம் கடற்கரைக்கு ஓடினோம். மாலை 6.43க்குச் சூரியன் கடலில் இறங்கியது. உடனே டில்லிக்குப் பேசினால், "இங்கே இன்னும் சூடு தாங்கலை ஐயா, வெயில் மறையவே இல்லை" என்றார் நண்பர். அங்கே மறைந்தது 7.22க்கு. அந்த நாட்களில் டில்லியில் பகல் ஏறக்குறைய 13 மணி 58 நிமிடம், நமக்கு 12 மணி 37 நிமிடம்.

டிசம்பர் 21ஐ ஒட்டி இது தலைகீழாகும். டில்லியில் 5.29க்கே அஸ்தமனம், நமக்கு 6.09க்கு. ஜூனில் 39 நிமிடம் பிந்தி மறைகிற சூரியன் டிசம்பரில் 40 நிமிடம் முந்தி மறைந்துவிடுகிறது.

இதைக் கேட்டதும் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். பேரன் தாளைக் காட்டினான். "ஜூன்ல டார்ச் நடுவுக்குக் கிட்ட சுத்துது, டில்லிக்கு அதிக வெளிச்சம். டிசம்பர்ல விளிம்புப் பக்கம் போயிடுது, டில்லிக்குக் குறைச்சல். இதுவும் சரியா வருதே?"

ஆமாம், மேலோட்டமாகப் பார்த்தால் வருகிறது. உதய அஸ்தமன நேரத்தை மட்டும் வைத்து, அதுவும் நம் நாட்டுக்குள் மட்டும் நின்று வாதிட்டால் தட்டைக் கட்சிக்காரர்கள் தப்பித்துக்கொள்வார்கள். இதை நான் அறுபது வயதுக்கு மேல், ஒரு பத்தாம் வகுப்புப் பையனிடம் கற்றுக்கொண்டேன். எத்தனை மணிக்கு மறைந்தது என்பதோடு எந்தத் திசையில், எந்த உயரத்தில், எந்த அளவில் மறைந்தது என்றும் கேட்க வேண்டும்.

கோபுரம் சொன்ன தீர்ப்பு

அதற்கு ஏற்ற சாட்சி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரம், ஏழு நிலை, சுமார் 100 அடி உயரம். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாட்களில், கிழக்கே நின்று பார்த்தால் மறையும் சூரியன் கோபுரத்தின் நடு வாசல்களில் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும். இப்போதெல்லாம் அதைக் காணவே கூட்டம் கூடுகிறது.

போகுமுன் பேரனையே கணக்குப் போட வைத்தேன். தட்டைப் பூமி வரைபடத்தின்படி அன்று மாலை சூரியன் எங்கே தெரிய வேண்டும்? நமக்கு அஸ்தமனம் ஆகும் நேரத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது, நமக்கு 90 பாகை மேற்கே, ஆப்பிரிக்காவைத் தாண்டி அட்லாண்டிக் கடலில், நிலநடுக்கோட்டின் மேல். அவர்கள் படத்தில் வடதுருவத்திலிருந்து அந்த இடம் 90 பாகைத் தூரம், நம் ஊர் 81½ பாகைத் தூரம், இரண்டுக்கும் இடையில் செங்கோணம். முக்கோணத்தைப் போட்டால் சூரியன் வடக்கிலிருந்து 48 பாகையில் வருகிறது. அதாவது நேர் மேற்கே இல்லை, வடமேற்கே. கோபுரத்துக்கு வலப்புறம் 42 பாகை தள்ளி.

உயரம்? அந்த முக்கோணத்தில் தூரம் சுமார் 13,500 கிலோமீட்டர், சூரியன் இருக்கும் உயரம் 5,000 கிலோமீட்டர். ஆகவே அது தொடுவானத்துக்கு மேல் 20 பாகையில் நிற்க வேண்டும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. இரண்டு முஷ்டி உயரத்தில் தொங்குகிற சூரியன் மறையவே முடியாது.

செப்டம்பர் 22 அன்று மேகம் மறைத்துவிட்டது. 23 அன்று மாலை போய் நின்றோம். பக்கத்தில் கைப்பேசியை உயர்த்தியபடி நூறு பேர். சூரியன் மேல்நிலை வாசலில் வந்து, கல்லுக்குப் பின்னால் மறைந்து, அடுத்த வாசலில் மறுபடி வந்தது. பேரன் சூரியனைப் பார்ப்பதை விட்டுவிட்டு வலதுபுறம் கையை நீட்டி, முஷ்டியால் பாகையை அளந்துகொண்டிருந்தான். அங்கே வெறும் வானம். இரண்டு காகங்கள் மட்டும் பறந்தன.

"இங்க இருக்கணும்னு அவங்க படம் சொல்லுது தாத்தா" என்றான் மெதுவாக.

அன்று டில்லி நண்பருக்கும் நமக்கும் அஸ்தமனம் ஒரு நிமிடம்தான் வித்தியாசம். ஜூனில் 39 நிமிடம், டிசம்பரில் 40 நிமிடம், இடையில் இந்த ஒரு நாள் மட்டும் சமம். ஆனால் சமநாளிலும் பகல் சரியாக 12 மணி இல்லை, ஆறேழு நிமிடம் கூடுதல். பேரன் அதையும் விடவில்லை. காரணம் இதுதான்: சூரியனின் மேல்விளிம்பு தெரிந்தவுடன் உதயம் என்கிறோம், அதே விளிம்பு மறைந்தால்தான் அஸ்தமனம் என்கிறோம். காற்று வேறு ஒளியை வளைத்து, உண்மையில் கீழே இறங்கிவிட்ட சூரியனைச் சற்று மேலே தூக்கிக் காட்டுகிறது.

அட்டையில் ஒரு துளை

அளவைச் சோதிக்க இன்னும் எளிய வழி உண்டு. நேராகச் சூரியனைப் பார்க்கவே கூடாது; கண் போய்விடும். ஒரு அட்டையில் ஊசியால் துளையிட்டு, சரியாக 2 மீட்டர் தள்ளி நிழலில் வெள்ளைத்தாளை நேருக்கு நேராகப் பிடித்தால் சூரியனின் பிம்பம் வட்டமாக விழும். அதன் அகலம் 18½ மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இதை உச்சிவேளையில், அதாவது செப்டம்பர் கடைசியில் நம் ஊரில் 12.15 மணிக்கு, ஒருமுறை அளந்தோம். நான்கு மணி நேரம் கழித்து 4.15க்கு மறுபடி அளந்தோம்.

தட்டைப் பூமி கணக்கில் உச்சியில் சூரியன் 5,100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும். நான்கு மணி நேரத்தில் 10,800 கிலோமீட்டர் விலகியிருக்கும். தூரம் இரட்டிப்பானால் பிம்பம் பாதியாக வேண்டும். கிடைத்தது அதே 18½. மில்லிமீட்டர் ஸ்கேலைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தோம், மாறவில்லை. சூரியன் நம்மைவிட்டு விலகி ஓடவில்லை, அது மிக மிகத் தொலைவில் இருக்கிறது என்பதற்கு ஒரு அட்டையும் ஊசியும் போதும்.

தென்கோடியின் சாட்சி

நம் பிள்ளைகள் இன்று எந்த நாட்டில்தான் இல்லை? சிட்னியில் இருக்கும் என் தங்கை மகள் டிசம்பரில் பேசும்போது இரண்டு விஷயம் கேட்டு வாங்கினோம். அங்கே அப்போது பகல் 14 மணி 24 நிமிடம். சூரியன் கிழக்குக்குத் தெற்கே ஏறக்குறைய 29 பாகை தள்ளி உதிக்கிறது. தட்டைப் படத்தில் சிட்னியிலிருந்து தெற்கே பார்த்தால் பனிமதில்தான் இருக்கும். நடுப்பக்கம் சுற்றுகிற சூரியன் அங்கே உதிக்க வழியே இல்லை.

இன்னும் தெற்கே போனால் கதை முடிந்தது. அண்டார்டிகாவில் 1989 முதல் நம் நாட்டின் மைத்ரி நிலையமும், 2012 முதல் பாரதி நிலையமும் இயங்குகின்றன. அங்கே டிசம்பரில் இருபத்துநான்கு மணி நேரமும் சூரியன் மறைவதில்லை. தட்டைப் படத்தில் இது நடக்க வேண்டுமானால், அந்த டார்ச் ஒரே நேரத்தில் விளிம்பு முழுவதையும் சுற்றி வெளிச்சமாக்கி, நடுவை மட்டும் இருட்டாக வைக்க வேண்டும். எந்த டார்ச்சும் அப்படி எரியாது. 2024 டிசம்பரில் அமெரிக்காவைச் சேர்ந்த வில் டஃபி என்ற பாதிரியார் இரண்டு கட்சிக்காரர்களையும் அண்டார்டிகாவுக்கே அழைத்துப் போனார். தட்டைப் பூமிக்காகப் பல ஆண்டு பேசிவந்த ஜெரன் கம்பனெல்லா, மறையாத சூரியனைக் கண்ணால் பார்த்து, தான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொண்டார். தோற்றதை ஒப்புக்கொள்ளவும் ஒரு மனம் வேண்டும்.

எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. 1870ல் இங்கிலாந்தில் ஜான் ஹாம்ப்டன் என்பவர் பூமி தட்டை என்று 500 பவுன் பந்தயம் கட்டினார். ஏற்றுக்கொண்டவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், பரிணாமக் கொள்கையில் டார்வினுக்கு இணையாகப் பேசப்படுபவர். இளமையில் சர்வே வேலை பார்த்தவர், நம் ஜாதி! ஆறு மைல் நீளமான நேர் கால்வாயில் ஒரே உயரத்தில் குறிகள் வைத்து, நடுக்குறி உயர்ந்து தெரிவதைக் காட்டி ஜெயித்தார். ஆனால் ஹாம்ப்டன் ஒத்துக்கொள்ளவில்லை. பல ஆண்டுகள் வாலஸுக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டே இருந்தார். பந்தயம் கட்டினால் தோற்றவனுக்கு மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது. நான் பேரனிடம் பந்தயம் கட்டாததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

நம் நாட்டில் இது புதிய செய்தியும் அல்ல. கி.பி. 499ல் ஆரியபடர் பூமியை உருண்டை என்றே எழுதினார். அது தன்னைத்தானே சுற்றுவதையும் சொன்னார். 1802ல் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் சர்வே, குமரிமுனையிலிருந்து இமயத்தின் அடிவாரம் வரை வளைவையே அளந்தது. 1808ல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவருடைய அரை டன் தியோடலைட்டை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. அவர் அதைத் தாமே பழுதுபார்த்து வேலையைத் தொடர்ந்தார். நம் திருவனந்தபுரத்திலும் சுவாதித் திருநாள் மகாராஜா 1837லேயே வானாய்வுக்கூடம் அமைத்தார். இத்தனை இருந்தும் நம் பிள்ளைகளுக்குக் கைப்பேசிதான் முதல் வாத்தியார் என்றால், குறை கைப்பேசியிடம் மட்டும் இல்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் பேரனிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தான். ஓரிடத்தில் நான் பாகையைத் தப்பாக எழுதியிருந்ததைத் திருத்தினான். பிறகு கேட்டான்: "தாத்தா, கோபுரம் கட்டினவங்களுக்குத் திசைகாட்டி இல்லாம நேர் கிழக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மொட்டைமாடிக்குக் கூட்டிப் போனேன். தரையில் ஒரு வட்டம் வரைந்து நடுவில் செங்குத்தாக ஒரு குச்சி நட்டோம். காலையில் குச்சியின் நிழல்நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே வரும் இடத்தில் ஒரு புள்ளி, பிற்பகலில் தொட்டு வெளியே போகும் இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. பழைய சிற்பிகள் செய்த முறை இதுதான். கோடு போட்டு முடித்ததும் அதன் வழியே கண்ணை வைத்து, கைப்பேசியில் இருக்கும் திசைகாட்டியோடு ஒத்துப்பார்த்தான். கைப்பேசியை நம்பாமல் சோதித்துப் பார்க்கிறானே என்று எனக்கு மகிழ்ச்சி.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச் 20, 21 தேதிகளில் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், வீட்டுப் பிள்ளைகளோடு நின்று சூரியன் மறையும் நேரத்தையும் திசையையும் பார்த்து, ஊர்ப் பெயரோடு நம் சங்க இதழுக்கு எழுதுங்கள். பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுத வேண்டாம். எங்கள் வீட்டு நடுவர் ஒப்புக்கொள்ள மாட்டார்!